காது எவ்வளவு அடைபட வேண்டும்? ஓடுகிறவர்களுக்கான ஹெட்போன் விளக்கம்

எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறையாவது அந்தக் கேள்வி வந்துவிடும்: "ஓடும்போது போட்டுக்கொள்ள நல்ல ஹெட்போன் எது?" அடுத்த அரைமணி நேரத்தில் இருபது பதில்கள் விழும். ஒருவர் பேஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி, அதிர வேண்டும் என்பார். இன்னொருவர் வெளி இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் இல்லாததைத் தொடவே கூடாது என்பார். மூன்றாமவர், எலும்பு வழியாகக் கேட்கும் கருவிதான் காதுக்குக் கெடுதல் செய்யாது என்று அடித்துச் சொல்வார். "வாட்டர் ப்ரூஃப் பார்த்து வாங்குங்கள்" என்று யாராவது முடித்துவைப்பார்கள். நான்கிலும் ஒரு கோணல் இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்து பாட்டுக் கேட்பவரின் அளவுகோலை எடுத்துவந்து ஓடுகிறவர் காதில் வைக்கிறார்கள்.

ஓடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கருவி என் காதை எவ்வளவு அடைக்கிறது? பசி மிஞ்சினால் காதடைத்துப் போகிறது என்கிறோமே, அந்த அடைப்பைச் சொல்லவில்லை. சொம்பின் வாயை உள்ளங்கையால் மூடுவதுபோலக் காதின் வாசலை மூடுகிற அடைப்பு. பேஸ், காலடி அதிர்வு, பின்னால் வரும் லாரி, வைக்க வேண்டிய ஒலியளவு எல்லாமே அந்த வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகின்றன. இயர்போன், இயர்பட் என்று கடையில் பல பெயர்கள் இருந்தாலும் இங்கே பொதுவாக ஹெட்போன் என்றே சொல்லிவிடுகிறேன்.

விரலால் ஒரு சோதனை

இரண்டு சுட்டுவிரல்களையும் காதில் அழுத்தி வைத்துக்கொண்டு, செருப்பில்லாமல் வீட்டுக்குள் பத்தடி நடந்து பாருங்கள். குதிகால் தரையில் படும்போதெல்லாம் தலைக்குள் தொம், தொம் என்று யாரோ மேளத்தைத் தட்டுவதுபோலக் கேட்கும். விரலை எடுங்கள். மேளம் நின்றுவிடும்.

இதற்குக் காரணம் எளியது. காலடியின் அதிர்ச்சி எலும்புகள் வழியாக மண்டையோட்டுக்கு ஏறுகிறது. மண்டையோடு அதிரும்போது காதுக் குழாயின் சுவரும் சேர்ந்து அதிர்கிறது. அது குழாய்க்குள் இருக்கும் காற்றை அசைத்து ஒலியாக்குகிறது. காது திறந்திருக்கும்போது அந்தக் கனத்த ஒலி பெரும்பாலும் வாசல் வழியே வெளியேறிவிடும். அடைத்திருந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை, நேரே செவிப்பறையில் போய் மோதுகிறது. இதை அடைப்பு விளைவு என்கிறார்கள். காது கேட்கும் கருவியை முதன்முதலாக மாட்டிக்கொள்ளும் பெரியவர்கள், "என் குரலே பானைக்குள் பேசுவதுபோல இருக்கிறது" என்று குறைப்படுவதும் இதனால்தான்.

நடக்கும்போதே இப்படியென்றால் ஓடும்போது எப்படி இருக்கும்! நிமிடத்துக்கு 165 காலடி வைப்பவர் ஒரு மணி நேரத்தில் 9,900 முறை தரையை மிதிக்கிறார். ஒவ்வொரு மிதியிலும் அவரது உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட விசை காலில் தாக்குகிறது. காதை இறுக அடைத்த ஹெட்போனில் அத்தனையும் பாட்டோடு சேர்ந்து கேட்கும். புதிதாக வாங்கியவர்கள் கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். கோளாறு ஒன்றும் இல்லை, அடைப்பு தன் வேலையைச் செய்கிறது.

அப்படியானால் எதற்காகக் காதை அடைக்க வேண்டும்? பேஸுக்காக. சைக்கிள் பம்பின் முனையை விரலால் மூடிக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால் உள்ளே அழுத்தம் ஏறும். விரலை எடுத்துவிட்டு அழுத்தினால் காற்று புஸ்ஸென்று போய்விடும். ஹெட்போனுக்குள் ஒலியை உண்டாக்கும் சிறிய ஸ்பீக்கருக்கு டிரைவர் என்று பெயர். அதன் மெல்லிய தகடு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. தபலாவின் இடக்கைப் பக்கத்து முழக்கம் போன்ற கனத்த ஒலிக்குக் காதுக்குள் அழுத்தம் ஏற வேண்டும். எங்காவது இடுக்கு இருந்தால் அந்த அழுத்தம் கசிந்துவிடும். முழக்கம் சப்பென்று ஆகிவிடும். புல்லாங்குழல், பேச்சுக்குரல் போன்றவற்றுக்கு இந்தக் கசிவு அவ்வளவு பொருட்டில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அடைத்தால் பேஸ் வரும், கூடவே காலடி மேளமும் வரும், வெளியுலகம் மங்கும். திறந்தால் மூன்றும் தலைகீழாகும். பேஸ் மட்டும் வேண்டும், மற்றவை வேண்டாம் என்று கேட்க முடியாது. அப்படித் தருவதாக எந்த விளம்பரம் சொன்னாலும் சற்று நிதானித்துப் படியுங்கள்.

அடைப்பிலிருந்து திறப்பு வரை

கடையில் தொங்கும் நூறு மாடல்களையும் இந்த ஒரே கோட்டில் நிறுத்திவிடலாம். ஒரு முனையில் காது முழுவதையும் மூடும் பெரிய ஹெட்போன். நம் ஊர் வெயிலில் அதன் மெத்தைக்குள் வியர்வை தேங்கும் என்பதால் அதை விட்டுவிடுவோம். அடுத்து, சிலிகோன் ரப்பர் முனையோடு காதுக் குழாய்க்குள் நுழையும் வகை. அதற்கடுத்து, ரப்பர் இல்லாமல் காதின் வாசலில் ஒட்டி நிற்கும் வகை. இதில் கொஞ்சம் கசிவு உண்டு. பிறகு, காதுமடலில் கொக்கியாகவோ கிளிப்பாகவோ மாட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே நின்று உள்ளே பாடும் திறந்த வகை. மறுமுனையில் எலும்பு வழி ஹெட்போன். இது காது வாசலின் பக்கமே வருவதில்லை.

முறுக்கு கடிக்கும் சத்தம்

எலும்பு வழிக் கேட்டல் என்றதும் ஏதோ புதுமை என்று தோன்றும். நாம் தினமும் செய்வதுதான். முறுக்கைக் கடித்தால் நம் தலைக்குள் கல் உடைவதுபோலக் கேட்கிறது; பக்கத்தில் இருப்பவருக்கு லேசாகத்தான் கேட்கிறது. அவருக்குக் காற்று வழியாக மட்டும் போகும் சத்தம், நமக்குத் தாடை எலும்பு வழியாகவும் வருகிறது. பதிவு செய்த நம் குரல் நமக்கே அந்நியமாகத் தோன்றுவதும் இதனால்தான். பதிவில் எலும்பு வழிப் பங்கு இல்லை.

வழக்கமான வழியில் ஒலி செவிப்பறையை அசைக்கும். அதையொட்டிய சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் அந்த அசைவை உள்காதுக்குக் கடத்தும். அங்கே நத்தைக் கூடுபோலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில் மயிரிழை போன்ற நுண்முனைகள் கொண்ட செல்கள் வரிசையாக இருக்கின்றன. அசைவை நரம்புச் செய்தியாக மாற்றுபவை அவைதான். எலும்பு வழி ஹெட்போன் காதுக்கு முன்னால் கன்ன எலும்பின் மேல் உட்கார்ந்து நேரடியாக மண்டையோட்டை அதிர வைக்கிறது. செவிப்பறை வழியைப் பெரும்பாலும் சுற்றிக்கொண்டு அதிர்வு காக்ளியாவுக்குப் போய்விடுகிறது.

"காதையே தொடுவதில்லை, அதனால் காது கெடாது" என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது. அது தவறு. அளவுக்கு மீறிய சத்தத்தில் கெடுவது பெரும்பாலும் காக்ளியாவின் அந்தச் செல்கள்தான். கெட்டால் திரும்ப முளைப்பதில்லை. கிழக்கு வாசல் வழியாக வந்தாலும் மேற்கு வாசல் வழியாக வந்தாலும் வெள்ளம் ஒரே கூடத்துக்குள்தான் போகிறது. எலும்பு வழிக் கருவியின் உண்மையான லாபம் வேறு: காதின் வாசல் முழுதாகத் திறந்திருப்பதால் சைக்கிள் மணி கேட்கும், காலடி மேளம் கேட்காது. பேஸ் குறைவு, ஒலியைக் கூட்டினால் கன்னத்தில் கிச்சுக்கிச்சு மூட்டும். பிரிட்டனில் போக்குவரத்தை முழுவதுமாக நிறுத்தாத சாலைகளில் நடக்கும் ஓட்டப் போட்டிகளில் காதை அடைக்கும் ஹெட்போன்களுக்குத் தடை உண்டு. அங்கே எலும்பு வழிக் கருவிகளை அனுமதிக்கும் போட்டிகள் இருக்கின்றன. இங்கே போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் அதன் விதிமுறையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இதில் ஓர் ஏமாற்றும் உண்டு. எலும்பு வழி என்று பெயர் போட்டு விற்கப்படும் மலிவான சிலவற்றில் இருப்பது சாதாரணக் குட்டி ஸ்பீக்கர். கண்டுபிடிப்பது சுலபம். கருவியை மாட்டிப் பாட்டை ஓடவிட்டு இரண்டு காதுகளையும் விரலால் அடையுங்கள். உண்மையான எலும்பு வழியாக இருந்தால் பாட்டு குறையாது. பேஸ் அதிகமாகவும் கூடும் (மேலே சொன்ன அடைப்பு விளைவு இங்கே நமக்காக உழைக்கிறது). பாட்டு மங்கினால் அது காற்று வழி ஸ்பீக்கர். காற்று வழியாக இருப்பது குற்றமில்லை; நல்ல திறந்த ஹெட்போன்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன. பெயரை மாற்றி விற்பதுதான் குற்றம்.

இரைச்சலை இரைச்சலால் அடிப்பது

குளத்தில் அருகருகே இரண்டு கல் போட்டால் இரண்டு வட்ட அலைகள் வரும். ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சந்திக்கும் இடத்தில் நீர் அசையாமல் நிற்கும். நாய்ஸ் கேன்சலிங், சுருக்கமாக ஏஎன்சி, செய்வது இதையே. வெளி இரைச்சலை ஒரு மைக் கேட்கிறது; சிப் அதற்கு நேரெதிரான அலையைக் கணித்து டிரைவர் வழியாக வெளியிடுகிறது; மேடும் பள்ளமும் காதுக்குள் சந்தித்து அடங்குகின்றன.

அந்தக் கணிப்பு, மாறாமல் நீளும் கனத்த இரைச்சலில் நன்றாகப் பலிக்கும். விமான எஞ்சின், ஏசி, டிரெட்மில் மோட்டார் போன்றவை. திடீரென்று கிளம்பும் ஹாரனிலும் குரைப்பிலும் அவ்வளவாகப் பலிக்காது. வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்தவர், போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவர் அமர் போஸ். அவர் 1978-இல் சூரிச்சிலிருந்து வீடு திரும்பும் விமானத்தில்தான் இதற்கான கணக்கைப் போடத் தொடங்கினார். 1989-இல் அந்த நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டாக அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆக, உட்கார்ந்திருப்பவருக்காகப் பிறந்த நுட்பம் இது. சாலையில் ஓடுகிறவருக்கு எந்த ஒலி முக்கியம்? பின்னாலிருந்து நெருங்கும் தண்ணீர் லாரியின் உறுமல். கனத்தது, சீரானது, ஏஎன்சி மிக அழகாகத் துடைத்து எடுப்பது அதைத்தான். ஜிம்முக்குள் டிரெட்மில்லில் ஓடுபவர் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். தெருவில் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

பெட்டியின் மேல் இஎன்சி என்று இன்னொரு மூன்றெழுத்து இருக்கும். ஏஎன்சியின் தம்பி என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். இஎன்சி உங்கள் காதுக்கு எதுவும் செய்வதில்லை. நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள இரைச்சலை மறுமுனையில் இருப்பவருக்குக் குறைத்து அனுப்புகிறது. பலன் அவருக்கு.

டிரான்ஸ்பரன்சி என்று ஒரு வசதியும் வருகிறது. அடைத்த கதவில் சிசிடிவி மாட்டியதுபோல, வெளி ஒலியை மைக் பிடித்து உள்ளே ஒலிபரப்புகிறது. பயனுள்ளதுதான். ஆனால் கதவு அடைத்தபடியேதான் இருக்கிறது. காலடி மேளம் பொதுவாகக் குறைவதில்லை. வேகமாக ஓடும்போதும் கடற்காற்று எதிரே வீசும்போதும் மைக்கில் காற்று மோதிச் சரசரவென்று கேட்கும் மாடல்களும் உண்டு.

சுருக்கமாக: ஏஎன்சி உங்களுக்காக, சீரான இரைச்சலுக்கு. இஎன்சி எதிர்முனையில் இருப்பவருக்காக. டிரான்ஸ்பரன்சி என்பது மைக் வழியாக வரும் திறப்பு. அது இயற்கையான திறப்புக்கு ஈடாகாது, எதுவும் இல்லாததற்கு மேல்.

எக்ஸ் என்றால் பூஜ்யம் அல்ல

வாட்டர் ப்ரூஃப் என்ற சொல்லை அப்படியே ஒதுக்கிவிட்டு, ஐபி என்று தொடங்கும் குறியைத் தேடுங்கள். ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரம் வகுத்த குறி அது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபிஎக்ஸ்4 என்பதில் நடுவே நிற்கும் எக்ஸ், மதிப்பெண் பட்டியலில் ஆப்சென்ட் போடுவதுபோல: தூசிக்கு மதிப்பீடு தரவில்லை என்று பொருள், பூஜ்யம் வாங்கியது என்று பொருளில்லை. 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சினால் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும். வேடிக்கை என்னவென்றால், 7 வாங்கியது 5-ஐத் தாண்டியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூழ்குவதும் பீய்ச்சுவதும் தனித்தனித் தேர்வுகள்.

இந்தத் தேர்வுகளை எழுதுவது புதுக் கருவி. வினாத்தாள் நல்ல தண்ணீர். வியர்வையோ உப்புத் தண்ணீர். கடற்கரை வீட்டு ஜன்னல் கம்பிக்கும் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர் ஜன்னல் கம்பிக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். என்னுடைய பழைய ஜோடியில் ஐபிஎக்ஸ்5 என்று அச்சிட்டிருந்தது. பதினைந்து மாதம் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடிய பிறகு வலது பக்கம் சார்ஜ் ஏறவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால், சார்ஜ் ஏறும் இரண்டு பித்தளை நிறப் புள்ளிகளில் ஒன்றின் ஓரம் பூஜைச் சொம்பில் களிம்பு ஏறியதுபோலப் பச்சை பூத்திருந்தது. சேவை மையத்தில், ஈரம் போயிருக்கிறது, உத்தரவாதம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். குறியீட்டைக் காட்டி வாதாடியும் பலனில்லை.

தவறு என்னிடமும் இருந்தது. ஓடி முடித்த கையோடு வியர்வை சொட்டச் சொட்ட, சார்ஜ் ஏற்றும் பெட்டிக்குள் போட்டு மூடியிருக்கிறேன். ஈரம், உப்பு, மின்சாரம் மூன்றும் மூடிய டப்பாவில் சேர்ந்தால் உலோகம் அரிக்காமல் என்ன செய்யும்? அந்தப் பெட்டிக்குப் பல மாடல்களில் ஐபி குறியே கிடையாது என்பதையும் கவனியுங்கள். சென்னை போன்ற புழுக்கமான ஊரில் 4 குறைந்தபட்சம், 5 இருந்தால் நிம்மதி. எந்த இலக்கமாக இருந்தாலும், ஈரத்துணியால் துடைத்து, பத்து நிமிடம் காற்றாட வைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

கடற்கரையில் மட்டும் விட்டுவிட்டுக் கேட்பது ஏன்?

வீட்டில் நன்றாகப் பாடுவது மைதானத்தில் விக்குகிறது என்ற புகாரும் அடிக்கடி வரும். புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்; நம் உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். வலது இடுப்புப் பையில் போனும் இடது காதில் அலையைப் பிடிக்கும் கருவியும் இருந்தால் நடுவே நீங்களே சுவராக நிற்கிறீர்கள். வீட்டுக்குள் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி அலை எப்படியோ வந்து சேரும். திறந்தவெளியில் திரும்ப ஒன்றும் இல்லை. போனை மேற்கையில் கட்டுங்கள், அல்லது பக்கத்தை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

சத்தம் எவ்வளவு, ஒரு காது போதுமா?

ஒலியளவை டெசிபல் என்ற அலகால் அளக்கிறார்கள். இது சாதாரண அளவுகோல் அல்ல. 3 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலில் வெறும் 4 மணி நேரம்தான். பத்து டெசிபலுக்குப் பத்தில் ஒரு பங்கு.

திறந்த ஹெட்போனுக்கு இங்கே ஒரு சங்கடம். விடியற்காலை ஐந்து மணிக் கடற்கரையில் குறைந்த ஒலியே போதும். அதே கருவியோடு மாலை ஏழு மணிக்குச் சென்னையின் ஓஎம்ஆர் நெடுஞ்சாலையில் ஓடினால், பஸ் இரைச்சலுக்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்று கை தானாக ஒலியைக் கூட்டும். காதைக் காக்கத் திறந்ததை வாங்கிவிட்டு, காதைக் கெடுக்கும் அளவுக்குச் சத்தம் வைப்போம். அந்தச் சாலையில் அந்த நேரத்தில் பாட்டே வேண்டாம் என்பதுதான் நான் கண்ட தீர்வு. அல்லது ஓடும் இடத்தை மாற்றுங்கள்.

ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். வண்டி வருவது தெரியும், உண்மை. எந்தப் பக்கம் வருகிறது என்பது குழம்பிவிடும். ஒலி ஒரு காதை அடைந்து மற்றக் காதை அடைவதற்குள் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளி இருக்கிறது. மூளை திசையைக் கண்டுபிடிப்பதில் அந்த இடைவெளிக்கும் இரு காதுகளில் விழும் ஒலியளவின் வேறுபாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. ஒரு காதை அடைத்தால் அந்தக் கணக்கு தப்புகிறது. ஒரு காதைப் பூட்டுவதைவிட இரண்டையும் பாதி திறந்து வைப்பது மேல்.

நழுவாமல் நிற்பது

கடைசியாக, கையில் எடுத்துப் பார்க்க வேண்டியது. சுண்டு விரலைக் காது வாசலில் லேசாக வைத்து, வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் குழாயின் சுவர் நகர்வது தெரியும். ஓடும்போது வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறோம், பேசுகிறோம், பல்லைக் கடிக்கிறோம். குழாய் மெல்ல மெல்லக் கருவியை வெளியே தள்ளுகிறது; வியர்வை சோப்புத் தண்ணீர்போல வழுக்கிவிடுகிறது. ரப்பர் முனைகள் மூன்று அளவில் வருவது இதற்காகத்தான். பெட்டியில் மாட்டியிருந்த நடு அளவையே கடைசி வரை போட்டுத் திரிபவர்கள் அதிகம். இடது காதுக்கு ஓர் அளவும் வலது காதுக்கு வேறு அளவும் பொருந்துவதும் உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதுவும் நிற்காதவர்களுக்குக் காதுமடலைச் சுற்றும் கொக்கி இருக்கிறது. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு சேர்த்து மாட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். இரண்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். கிளிப் வகைக்கு எதிரி பெரிய தோடு. எலும்பு வழிக் கருவியின் பின்கம்பி, தாழ்வாகப் போட்ட கொண்டையில் இடிக்கும்.

காதில் போட்டுப் பார்க்கப் பல கடைகளில் விடமாட்டார்கள், திருப்பிக் கொடுக்கும் வசதியை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விட்டால், மாட்டிக்கொண்டு பாட்டைப் போடுமுன் தலையை நாலு தடவை வேகமாக ஆட்டுங்கள். வாயை அகலத் திறந்து மூடுங்கள். நின்ற இடத்திலேயே இருபது முறை குதியுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும்.